சட்டம் அனுமதித்தால் பாவம் மறைந்துவிடுமா?

கல்லூரிகளில் பயிலும் நம் பிள்ளைகளும், பிழைப்பைத் தேடி வெளிநாடு சென்றிருக்கும் நம் இளைஞர்களும் அண்மைக் காலமாக ஒரு கேள்வியைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வராந்தாவில் நிற்கும்போது சிலர் நேராகவே கேட்கிறார்கள். சிலர், "என் நண்பன் ஒருவன் கேட்கிறான், ஹஜ்ரத்!" என்று சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். "கஞ்சாவைக் கனடாவில் சட்டமே அனுமதித்துவிட்டது. ஜெர்மனியும் அனுமதித்துவிட்டது. மதுவைவிட அதில் கேடு குறைவு என்கிறார்கள். மருத்துவர்களே அதை மருந்தாகவும் கொடுக்கிறார்கள். உலகமே மாறிவிட்ட பிறகு, நாம் மட்டும் ஹராம், ஹராம் என்று சொல்லிக் கொண்டிருப்பதில் என்ன பொருள்?" என்பதே அக்கேள்வி.

இப்படிக் கேட்பவரை அதட்டி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் அதட்டலுக்குப் பயந்து வாய் மூடுகிறவனின் மனத்தில் கேள்வி மூடிக்கொள்வதில்லை. அது உள்ளேயே கிடந்து வளரும். நம்மிடம் விடை கிடைக்காதபோது, விடை சொல்ல வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள். எனவே இதனைப் பொறுமையோடு ஆராய்வது நம் கடமையாகும்.

மாறியது என்ன?

முதலில், மாற்றம் உண்மையானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 1969-ல் மக்களைக் கேட்டபோது, கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாம் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 12 பேர்தான். அதே கேள்விக்கு 2023-ல் நூற்றுக்கு 70 பேர் ஆம் என்றனர். அந்நாட்டின் கொலராடோ, வாஷிங்டன் மாநிலங்கள் 2012-ல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் இதற்கு வழி திறந்தன. 2013-ல் உருகுவே, நாடு முழுமைக்கும் சட்டம் இயற்றிய முதல் நாடாயிற்று. கனடா 2018 அக்டோபர் 17 முதல் கடைகளில் விற்க அனுமதித்தது. ஜெர்மனி 2024 ஏப்ரல் 1 முதல், வயது வந்தவர் வெளியில் 25 கிராம் வரை வைத்துக் கொள்ளவும், வீட்டில் மூன்று செடிகள் வளர்க்கவும் இசைந்தது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம், 1961-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை 27-க்கு 25 என்ற வாக்குக் கணக்கில் நீக்கியது. நம் இந்தியாவும் நீக்குவதற்கே வாக்களித்தது. அப்போதும் அது மற்றொரு கட்டுப்பாட்டுப் பட்டியலில் நீடிக்கிறது என்பதைப் பலர் சொல்வதில்லை.

ஆக, மாறியவை இரண்டு: ஒன்று அரசாங்கங்களின் சட்டம், மற்றொன்று மக்களின் மனப்போக்கு. இவ்விரண்டும் மாறினால் ஒரு செயலின் நன்மை தீமையும் மாறிவிடுமா என்பதுதான் நாம் விடை காண வேண்டிய வினா.

சட்டத்தின் எல்லையும் மார்க்கத்தின் எல்லையும்

சட்டம் என்பது ஊரைக் காக்கும் வேலி. காவலர் பிடிக்கக்கூடியதையும், நீதிமன்றத்தில் நிரூபிக்கக்கூடியதையுமே அது தடுக்க முடியும். புறம் பேசுகிறவனைச் சிறையில் அடைக்க எந்த நாட்டிலும் சட்டம் இல்லை. பெற்ற தாயிடம் ஆறு மாதமாகப் பேசாதிருக்கும் மகனை எந்தக் காவல் நிலையமும் அழைத்து விசாரிப்பதில்லை. வட்டி வாங்குவது உலகமெங்கும் சட்டப்படி நடக்கும் தொழில். ஆயினும் இவற்றுள் ஒன்றேனும் அல்லாஹ்விடத்தில் ஆகுமானதாகிவிட்டது என்று எந்த முஸ்லிமாவது சொல்வானா?

இப்பாடத்தை நாம் கனடாவிடமிருந்து கற்க வேண்டியதில்லை. தமிழகத்து முஸ்லிம் குடும்பங்கள் இதே சோதனையில் அரை நூற்றாண்டாக வாழ்ந்து வருகின்றன. 1937-ல் இராஜாஜி அவர்கள் சேலம் மாவட்டத்தில் தொடங்கிவைத்த மதுவிலக்கு, 1971-ல் தளர்த்தப்பட்டது. பின்னர் அது மூடப்பட்டும் திறக்கப்பட்டும் வந்து, 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் அமைந்து, 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே போய்ச் சேர்ந்தது. அரசாங்கமே கடை வைத்து, ரசீது போட்டு, மதுவை விற்கிறது. அதனால் நம் வீடுகளில் மது ஹலாலாயிற்றா? கடைத் தெருவில் நாள்தோறும் அந்தப் பச்சைப் பலகையைக் கடந்து தொழுகைக்குப் போகிற நம் தந்தைமார், "அரசாங்கம் விற்கிறதே" என்று ஒருநாளும் மயங்கவில்லை. சட்டம் வேறு, மார்க்கம் வேறு என்பதை ஏட்டைப் படிக்காமலே அவர்கள் விளங்கியிருந்தார்கள். மதுவில் விளங்கிய இந்த உண்மை, கஞ்சாவில் மட்டும் ஏன் மங்க வேண்டும்?

மேலும், சட்டம் ஒரே நிலையில் நிற்பதுமில்லை. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கிற்று. ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. மூன்றே ஆண்டுகளில், 2025 ஜூனில், மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று அதே நாடு கதவைச் சாத்தியது. அமெரிக்காவின் ஓரிகன் மாநில மக்கள் 2020-ல் வாக்களித்து, எல்லாவகைப் போதைப்பொருளையும் சிறிதளவு வைத்திருப்பதற்கான தண்டனையை நீக்கினார்கள். வீதிகளில் நேர்ந்த சீர்கேட்டைப் பார்த்து, 2024-ல் அம்மாநிலச் சட்டமன்றம் மீண்டும் அதைக் குற்றமாக்கியது. சட்டத்தைக் கொண்டே பாவ புண்ணியத்தை அளப்பதென்றால், பாங்காக் நகரத்தில் ஒருவன் செய்த ஒரே செயல் 2021-ல் பாவமாகவும், 2023-ல் ஆகுமானதாகவும், 2025-ல் மறுபடியும் பாவமாகவும் இருக்க வேண்டும். ஆண்டுக்கொரு அளவு காட்டும் முழக்கோலைக் கொண்டு துணி அளக்கும் வியாபாரியிடம் யார் துணி வாங்குவார்கள்?

இமாம்கள் கண்ட ஹஷீஷ்

"குர்ஆனில் மதுதானே விலக்கப்பட்டிருக்கிறது, கஞ்சாவின் பெயரே இல்லையே!" என்று கேட்பவர்களும் உண்டு. இதற்கு நம் முன்னோர்கள் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை எழுதி வைத்துவிட்டார்கள்.

ஹஷீஷ் என்ற பெயரில் கஞ்சா முஸ்லிம் நாடுகளில் பரவலானது ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் இறுதியிலும் ஏழாம் நூற்றாண்டிலுமாகும். நாற்பெரும் இமாம்களின் காலத்தில் அது பேசப்படவில்லை. பின்வந்த அறிஞர்கள், பெயரைப் பார்க்காமல் அது அறிவை என்ன செய்கிறது என்பதைப் பார்த்தார்கள். போதை தருவதெல்லாம் மதுவே என்றும், அதிக அளவில் போதை தருவது எதுவோ அதன் குறைந்த அளவும் ஹராம் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்த அளவுகோல் அவர்கள் கையில் இருந்தது. போதை தருவதை மட்டுமன்றி, உடலையும் உள்ளத்தையும் தளர்த்தி மந்தமாக்குவதையும் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

ஷாஃபிஈ மத்ஹபின் தூணாகிய இமாம் நவவி (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 676) அவர்கள், அறிவைப் போக்கும் இத்தகைய செடிகள் ஹராம் என்பதில் மதுவைப் போன்றவையே என்றும், அதனால் தவறிய தொழுகைகளைக் களாச் செய்வது கடமை என்றும், ஆனால் அதற்குரிய தண்டனை மதுவுக்குரிய ஹத்து அன்று, காழியின் முடிவுக்கு விடப்பட்ட தஃஸீரே என்றும் விளக்கினார்கள். மாலிக்கி மத்ஹபைச் சேர்ந்த இமாம் கராஃபி (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 684) அவர்கள் இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார்கள்: மகிழ்ச்சி வெறியூட்டி அறிவை மறைப்பது ஒன்று, வெறியூட்டாமல் அறிவைக் கெடுப்பது ஒன்று, புலன்களை அடக்கித் தூங்கச் செய்வது மற்றொன்று. ஹஷீஷை அவர்கள் இரண்டாம் வகையில் சேர்த்தார்கள். இப்னு தைமிய்யா (மறைவு ஹிஜ்ரி 728) அவர்களோ, அதுவும் வெறியூட்டுவதே, எனவே மதுவுக்குரிய தண்டனையே அதற்கும் உரியது என்றார்கள். ஹிஜ்ரி 794-ல் மறைந்த இமாம் ஸர்கஷீ (ரஹ்) அவர்கள் இதற்கென்றே தனி நூல் எழுதினார்கள். ஹனஃபி மத்ஹபின் நூல்களும் கஞ்சாவையும் அபினையும் அறிவைக் கெடுப்பவை என்ற காரணத்தால் ஹராம் என்றே கூறுகின்றன.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவர்கள் கருத்து வேறுபட்டது எதில்? அது நஜீஸா இல்லையா, தண்டனை எவ்வளவு என்பவற்றில். இன்பத்திற்காக அதை உட்கொள்வது ஆகுமா என்பதில் அவர்களிடையே வேறுபாடு இல்லை. "பாவமா?" என்ற கேள்வியையும் "என்ன தண்டனை?" என்ற கேள்வியையும் அவர்கள் தனித்தனியே வைத்துப் பேசினார்கள். இன்றைய உலகம் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான், தண்டனை நீங்கியதும் பாவமும் நீங்கியதாக நினைக்கிறது.

காப்பியை ஹராமாக்கவில்லையா?

படித்த இளைஞர் சிலர் இங்கே ஒரு வலுவான ஆட்சேபனையை எழுப்புவார்கள். "ஆலிம்கள் ஒரு காலத்தில் காப்பியையும் ஹராம் என்றார்கள். பிறகு அவர்களே குடித்தார்கள். நாளை கஞ்சாவிலும் அப்படித்தானே நடக்கும்?" என்பார்கள். வரலாறு உண்மைதான். யமன் நாட்டு ஸூஃபியாக்கள் இரவு வணக்கத்திற்கு விழித்திருக்கப் பருகிய காப்பி, மக்காவுக்கு வந்தபோது, ஹிஜ்ரி 917-ல், அதாவது 1511-ல், கைர் பேக் என்ற அதிகாரி ஆலிம்களையும் மருத்துவர்களையும் கூட்டி அதைத் தடை செய்தார். ஆனால் அத்தடை நிலைக்கவில்லை.

ஏன் நிலைக்கவில்லை? மக்கள் காப்பியை விரும்பினார்கள் என்பதற்காகவா? இல்லை. தடை செய்தவர்கள் அது போதை தரும் என்று எண்ணினார்கள். குடித்துப் பார்த்த ஆயிரக்கணக்கான நல்லோர் அறிவு மறையாமல், இன்னும் விழிப்போடு தொழுதார்கள். எனவே சட்ட விதி மாறவில்லை. விதியைப் பொருத்திய செய்தி பிழையென்று தெரிந்தது. போதை தருவது ஹராம் என்ற விதி காப்பிக்கு முன்னும் இருந்தது, பின்னும் இருந்தது. காப்பி அதற்குள் வரவில்லை என்பது மட்டுமே புதிதாக விளங்கியது.

இப்போது கஞ்சாவுக்கு வாருங்கள். அது அறிவை மறைப்பதில்லை என்று எந்த ஆய்வாவது கண்டுபிடித்திருக்கிறதா? அறிவை மயக்குவதற்காகத்தான் அதை விற்கிறார்கள், அதற்காகத்தான் வாங்குகிறார்கள். இன்னும் சொன்னால் செய்தி எதிர்த்திசையில் மாறியிருக்கிறது. அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் போதை தரும் சத்து 1995-ல் ஏறத்தாழ 4 சதவீதமாக இருந்தது. 2020-க்குப் பின் 15 சதவீதத்தை எட்டிவிட்டது. பயன்படுத்துவோரில் பத்தில் மூவர் அளவுக்கு அதற்கு அடிமையாகும் கோளாறு ஏற்படுவதாக அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே மதிப்பிடுகிறது. இளவயதில் அடிக்கடி புகைப்போருக்கு மனச்சிதைவு நோய் வரும் அபாயம் கூடுகிறது என்பதும் மருத்துவ உலகம் அறிந்ததே. எனவே காப்பியின் உதாரணம் அவர்களுக்குத் துணை நிற்காது. நமக்கே துணை நிற்கிறது.

"மதுவைவிடக் கேடு குறைவு" என்ற வாதத்தைப் பற்றி நீண்டு பேசத் தேவையில்லை. மதுவை ஆகுமாக்கிக் கொண்டவர்களுக்கு அது ஒரு வாதமாக இருக்கலாம். வீடு புகுந்து திருடுகிறவனைவிடச் சட்டைப் பையில் கைவிடுகிறவன் மேலானவன் என்று சொல்லி, யாரும் அவனிடம் கல்லாப்பெட்டியின் சாவியைக் கொடுப்பதில்லை.

"எனக்குத்தானே கேடு?"

மேலைநாட்டு மனப்போக்கு மாறியதற்கு அடிப்படையான தத்துவம் ஒன்று உண்டு. பிறருக்குத் தீங்கு செய்யாதவரை, தன் உடலையும் உள்ளத்தையும் என்ன செய்துகொள்வதும் மனிதனின் சொந்த உரிமை என்பதே அது. ஆங்கிலேய அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-ல் எழுதிய சுதந்திரம் பற்றிய நூல் இதற்குப் பெயர் பெற்றது. இவ்வாதத்தை நாம் அலட்சியமாக ஒதுக்க வேண்டியதில்லை. பிறர் வீட்டைத் துருவிப் பார்ப்பதையும், மறைவானதைத் தோண்டுவதையும் நம் திருமறையும் தடுக்கிறது.

ஆனால் அந்த மில் அவர்களே ஒரு விதிவிலக்கைச் சொல்லியிருக்கிறார். ஒருவன் தன்னைத் தானே அடிமையாக விற்றுக்கொள்ளச் சுதந்திரத்தின் பெயரால் உரிமை கேட்க முடியாது. ஏனெனில் சுதந்திரத்தை விட்டுவிடும் செயல் சுதந்திரத்தைப் பயன்படுத்துவதாகாது என்பது அவர் கருத்து. போதையின் தன்மை இதுவே அல்லவா? முதல் தடவை எடுப்பவன் தன் விருப்பத்தால் எடுக்கிறான். ஐம்பதாவது தடவை எடுப்பவர்களில் எத்தனை பேர் அப்படிச் சொல்ல முடியும்? அங்கே தேர்வு செய்வது அவனா, அவன் உடலில் குடிபுகுந்த பழக்கமா?

நம் மார்க்கம் இன்னும் ஆழமாகப் போகிறது. மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் ஆகிய ஐந்தையும் காப்பதே ஷரீஅத்தின் நோக்கம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். இதில் அறிவுக்குத் தனியிடம் உண்டு. தொழுகை கடமையாவது அறிவுள்ளவன்மீது. வியாபாரம் செல்லுபடியாவது அறிவுள்ளவனிடமிருந்து. உரிமை கேட்பதற்கும் அறிவு வேண்டும், பொறுப்பு ஏற்பதற்கும் அறிவு வேண்டும். அதைப் படைத்தவன் நம்மிடம் அமானிதமாகத் தந்திருக்கிறான். அடைக்கலமாகத் தந்த பொருளை ஒரு மாலைப் பொழுதின் சுகத்திற்காக அடகு வைப்பவன், "என் பொருள்தானே!" என்று சொல்ல முடியாது.

"எனக்கு மட்டும்தான் கேடு" என்பதும் வீட்டு வாசலைத் தாண்டாத பேச்சு. மகன் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும்போது தாய் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாள். கணவன் மயங்கிக் கிடக்கும்போது, நள்ளிரவில் காய்ச்சல் கண்ட குழந்தையை மனைவி தனியே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். அந்தப் பெண்ணிடம் போய், "இது அவருடைய சொந்த விஷயம்" என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்!

மருந்து என்பது வேறு

மருந்தின் விஷயத்தை இத்துடன் கலக்கக் கூடாது. அழுகிய உறுப்பை வெட்டியெடுக்க வேண்டிய நோயாளிக்கு அறிவை மறைக்கும் மருந்து கொடுக்கலாமா என்பதை நம் பழைய ஃபிக்ஹு நூல்களே பேசி, தேவைக்கு அளவோடு அனுமதித்துள்ளன. இன்று கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த, போதை தராத ஒரு சத்தைக் கொண்டு செய்த மருந்தை, குழந்தைகளுக்கு வரும் இருவகைக் கடுமையான வலிப்பு நோய்க்கு 2018-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. அப்படிப்பட்ட குழந்தையைப் பெற்றவர்கள் மருத்துவரின் சொற்படி அம்மருந்தைக் கொடுப்பதில் மனக்கலக்கம் அடைய வேண்டியதில்லை.

ஆனால் மருத்துவர் அளந்து கொடுப்பதும், மருந்தென்று பெயர் சொல்லிக் கடையில் மிட்டாயாக விற்பதும் ஒன்றல்ல. கனடாவில் 2019 முதல் கஞ்சாச் சத்துக் கலந்த தின்பண்டங்களும் சட்டபூர்வமாகிவிட்டன. புகையில்லை, நாற்றமில்லை, இனிப்பு என்று குழந்தையும் எடுத்து வாயில் போடும். தம் சமுதாயத்தில் சிலர் மதுவுக்கு வேறு பெயர் சூட்டிக் குடிப்பார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் முன்னறிவித்ததை அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் காண்கிறோம். டொராண்டோவிலும் பிற நகரங்களிலும் வாழும் நம் சகோதரர்கள் விருந்துக்குப் போகும் இடத்தில், பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்று கேட்பதைப் போலவே இதையும் கேட்டறிந்துகொள்வது அவசியமாகிவிட்டது.

வரி வருமானம் கிடைக்கிறது, கள்ளச்சந்தை குறைகிறது என்ற இலாபக் கணக்கும் சொல்லப்படுகிறது. சூரத்துல் பகராவின் 219-ஆம் வசனத்தில் அல்லாஹுதஆலா மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் இருப்பதை மறுக்கவில்லை. அவற்றின் பாவம் பயனைவிடப் பெரிது என்றே தீர்ப்பளிக்கிறான். பயன் இருக்கிறது என்று காட்டிவிட்டால் வழக்கு முடிந்துவிடாது. அது வழக்கின் தொடக்கமே.

தண்டனையைக் குறைப்பது பற்றி

அப்படியானால், போதைக்கு அடிமையானவனைச் சிறையில் தள்ளக் கூடாது, சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும் ஒவ்வொருவரும் மார்க்கத்தின் எதிரியா? இல்லை. இங்கே நாம் நீதியோடு பேச வேண்டும்.

போர்ச்சுகல் நாடு 2001 ஜூலை முதல், தன் உபயோகத்திற்காகப் பத்து நாள் அளவு வைத்திருப்பவனைக் குற்றவாளியாக நடத்துவதை நிறுத்தியது. பலர் நினைப்பதைப் போல அங்கே போதைப்பொருள் ஆகுமாக்கப்படவில்லை, விற்பவனுக்குச் சிறைதான். பிடிபட்டவனை ஒரு சிறு குழுவின் முன் நிறுத்தி, சிகிச்சைக்கு வழிகாட்டுகிறார்கள். நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலும் 64-ஏ என்ற பிரிவு, தானே முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைக்கு, சிறிதளவு வைத்திருந்த குற்றத்தின் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. இது நம் குடும்பங்களில் பெரும்பாலோர் அறியாத செய்தி. ஹத்தா தஃஸீரா என்று நம் இமாம்களே பேசி வேறுபட்ட துறையில், எத்தண்டனை சீர்திருத்தும், எது பாழாக்கும் என்று ஆராய்வது ஆகுமானதே. ஆனால் வீழ்ந்தவனைத் தூக்கிவிடுவது வேறு. பள்ளம் தோண்டிக் கட்டணம் வசூலிப்பவனுக்கு உரிமம் கொடுப்பது வேறு. மதுவின் விஷயத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்தது குடிப்பவனை மட்டுமன்று. பிழிபவன், சுமப்பவன், விற்பவன், அதன் கிரயத்தை உண்பவன் என்று பத்துப் பேரைச் சபித்தார்கள். எனவே வெளிநாட்டிலிருக்கும் நம் இளைஞர் இத்தகைய கடையில் வேலை பார்ப்பதும், நம் கட்டிடத்தை அதற்கு வாடகைக்கு விடுவதும் ஆகாது.

உள்ளத்தில் விழுந்த தடை

சட்டத்தால் மட்டும் தீமை ஒழியாது என்பதையும் மறக்கலாகாது. அமெரிக்கா 1920-ல் மதுவை நாடு முழுதும் தடை செய்தது. 1933-ல் தோற்றுப்போய் அத்தடையைத் தானே நீக்கிக்கொண்டது. மதீனாவிலோ, மது விலக்கப்பட்டதென்று ஓர் அழைப்பாளர் தெருவில் அறிவித்தபோது, அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் பரிமாறிக் கொண்டிருந்த அனஸ் (ரலி) அவர்கள் இருந்ததையெல்லாம் வெளியே கொட்டினார்கள். தெருக்களில் மது ஓடியது. காரணத்தை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விளக்கினார்கள்: முதலில் சுவர்க்கம் நரகம் பற்றிய வசனங்கள் இறங்கி உள்ளங்கள் நிலைபெற்ற பின்னரே ஹலால் ஹராம் இறங்கின, எடுத்த எடுப்பிலேயே மதுவை விடுங்கள் என்று இறங்கியிருந்தால், ஒருபோதும் விடமாட்டோம் என்றிருப்பார்கள்.

வாபிஸா (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன அறிவுரையும் இதுவே: மக்கள் எந்தத் தீர்ப்பை வழங்கினாலும் உன் உள்ளத்தைக் கேள். நூற்றுக்கு எழுபது பேரின் தீர்ப்பு நம் பிள்ளையின் காதில் விழும் நாளில், அவன் கேட்டுப் பார்ப்பதற்கு உள்ளே ஓர் உள்ளம் விழித்திருக்க வேண்டும். அதை விழிக்கச் செய்வது வீட்டின் வேலை, சட்டமன்றத்தின் வேலையன்று.

ஆகவே வீட்டை முதலில் சரிபார்ப்போம். வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டே மகனுக்குப் போதையின் தீமையைச் சொல்லும் தந்தையின் சொல் எடுபடாது. "பாங்கு" என்ற இலையை நம் நாட்டுச் சட்டம் கஞ்சா என்ற வரையறைக்குள் சேர்க்கவில்லை என்பதால் அது ஆகுமாகிவிடாது. வலிநிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ளும் பழக்கம் நம் ஊர்களிலும் நுழைந்துவிட்டது. மருந்துக்கடையில் வாங்கியது என்பதால் அது மருந்தாகிவிடாது.

இனி, யாருடைய வீட்டிலாவது ஒரு பிள்ளை இதில் விழுந்துவிட்டானென்றால், ஊருக்குத் தெரிந்தால் மானம் போகுமென்று மூடி மறைத்து அவனை அழியவிடாதீர்கள். ஜமாஅத்தாரும் அக்குடும்பத்தை ஏளனம் செய்யாதீர்கள். மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒரு மனிதரை ஒருவர் சபித்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி கூறியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். ஷாம் நாட்டில் குடியில் வீழ்ந்துவிட்ட ஒரு நண்பருக்கு ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் வசைக் கடிதம் எழுதவில்லை. பாவத்தை மன்னிப்பவனும் தவ்பாவை ஏற்பவனும் தண்டிப்பதில் கடுமையானவனும் அல்லாஹ்வே என்று அறிவிக்கும் சூரத்துல் காஃபிரின் தொடக்க வசனங்களை எழுதியனுப்பினார்கள். அவர் அழுது திருந்தினார். சகோதரன் சறுக்கினால் அவனை நேர்ப்படுத்துங்கள், அவனுக்கு எதிராக ஷைத்தானுக்குத் துணைபோகாதீர்கள் என்று உமர் (ரலி) அவர்கள் தம் தோழர்களுக்குக் கூறினார்கள்.

பாவத்தைப் பாவம் என்றே சொல்ல வேண்டும். பாவத்தில் விழுந்தவனைச் சகோதரன் என்றே அழைக்க வேண்டும். மாறிவரும் உலகம் இரண்டாவதைச் செய்வதற்காக முதலாவதை விட்டுவிட்டது. நம்மில் சிலர் முதலாவதைச் செய்வதாக எண்ணி இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் ஒருசேரக் காட்டியது நம் நாயகம் (ஸல்) அவர்களின் சுன்னத்தாகும்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நமக்கு அருளிய அறிவு என்னும் அமானிதத்தை இறுதி மூச்சுவரை காத்து, தெளிந்த உள்ளத்தோடு அவனைச் சந்திக்கும் பாக்கியத்தை நமக்கும் நம் சந்ததிகளுக்கும் தந்தருள்வானாக! வழிதவறிய நம் பிள்ளைகளை நலமுடன் வீடு திரும்பச் செய்வானாக! ஆமீன்.